பதினேழாவது மரம்

டாண்டினோங், மெல்பேர்ண்
4 ஓகஸ்ட் 2024

அன்புள்ள கலா,

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது நீ தீவில் இறங்கி இரண்டு கிழமை ஆகியிருக்கும். மழையும் அட்டையும் உன்னைச் சாப்பிட்டு முடிக்காமல் நீ சுகமாக இருக்கவேண்டும். நானும் பிரஷாந்தனும் சுகம். இங்கே காலையில் கார்க் கண்ணாடியில் பனியைச் சுரண்டிவிட்டுத்தான் வேலைக்குப் போகிறோம்.

பல்கலைக்கழகத்திலிருந்து இரண்டு கிழமைக்கு ஒருமுறை போகும் பையில், வெறும் மெமரி கார்டுகளோடு இதையும் வைக்கிறேன். நீ பதிவு செய்த கார்டுகளை அதே பையில் திருப்பி அனுப்பு. போன் வேலை செய்யாத இடத்தில் எப்படி இருக்கிறாயோ என்று உன் அம்மா கவலைப்படுகிறா. எனக்கென்றால் நான் அங்கே வேலை செய்த நான்கு பருவமும் அதுதான் பெரிய நிம்மதி.

உன் அம்மாவை வெள்ளிக்கிழமை போய்ப் பார்த்தேன். முழங்கால் வலி குறைந்திருக்கிறது. தேத்தண்ணி தந்துவிட்டு, "தனா, என்ர பிள்ளை இருபது வருசமா கொம்பியூட்டருக்கு முன்னால இருந்தவள், அவளுக்குக் காட்டில என்ன தெரியும்?" என்று கேட்டா. எல்லாம் எழுதிக் கொடுத்திருக்கிறேன் அன்ரி என்றேன். எழுதிக் கொடுத்திருக்கிறேன்தானே. ஆனாலும் எழுதாமல் விட்டவை சில உண்டு. அவற்றை இதில் சொல்கிறேன்.

முதலாவது, தண்ணீரைப் பார்க்காதே. மீன்கொத்தி என்ற பெயரைக் கேட்டதும் கண் ஆற்றுக்குத்தான் போகும். என் முதல் பருவத்தில் ஒரு மாதத்தை ஓடைக்கரையிலேயே வீணாக்கினேன். இது மீனைத் தொடாத மீன்கொத்தி. வெட்டுக்கிளி, சிலந்தி, மண்புழு, நத்தை, சின்னப் பல்லி. எல்லாம் காட்டுத் தரையில், உக்கிய இலைக்குள். ஆகவே பெரிய மரங்களுக்குக் கீழே, பகலிலும் அரையிருட்டாக இருக்கும் இடத்தில் பார். உன் தலை உயரத்தில், கிடையாகப் போகும் ஒரு கிளையில் இருக்கும். நீலமும் செம்மஞ்சளுமாக எவ்வளவு அழகான பறவை என்று படத்தில் பார்த்திருக்கிறாய். அந்த இருட்டில் அது ஒரு நனைந்த இலை மாதிரித்தான் தெரியும். இருபது நிமிடம் அசையாது. நீயும் அசையாதே. பிறகு வால் மட்டும் மெதுவாக மேலே போய் இறங்கும். அந்த வாலைத்தான் தேடவேண்டும்.

இரண்டாவது, விடிவதற்கு முன் எழும்பு. வெளிச்சம் வருவதற்குச் சற்று முன்னே தொடங்கி அரை மணி, நாற்பது நிமிடம் கூப்பிடும். ஒன்று கூப்பிட மற்றது பதில் சொல்லும். பிறகு நாள் முழுக்க வாயைத் திறக்காது. அந்த நாற்பது நிமிடத்தில் சத்தம் வரும் திசையைப் பிடித்தால்தான் அன்றைய வேலை.

மூன்றாவது, கூடு. இவை மரத்தில் கூடு கட்டுவதில்லை. மரத்தண்டில் ஏறிக் கறையான் கட்டிய புற்றைக் குடைந்து உள்ளே முட்டையிடும். கறையான் உயிரோடு இருக்கும் புற்றுத்தான் வேண்டும், கைவிட்ட புற்று வேண்டாம். ஆணும் பெண்ணும் மாறிமாறித் தூரத்திலிருந்து பறந்துவந்து அலகால் மோதும். டொக் என்று ஒரு சத்தம், பிறகு நீண்ட மௌனம், பிறகு டொக். குடைந்து முடித்ததும் சில நாட்கள் வராது. ஏமாந்துவிடாதே. கறையான்கள் தங்கள் பக்கத்துச் சுவரை அடைக்கட்டும் என்று விட்டுவைக்கின்றன என்பது என் எண்ணம்.

வரைபடத்தில் பதினாறு கூட்டு மரங்களைக் குறித்திருக்கிறேன். முதலாம் ஓடைக்கும் இரண்டாம் ஓடைக்கும் இடையில் பதினொன்று, மேட்டில் ஐந்து. எனக்கு வழிகாட்டிய மார்த்தாவுக்கு எல்லாம் தெரியும். அவ கூட்டிக்கொண்டு போவா. மூன்றாம் ஓடைப் பக்கம் போகத் தேவையில்லை. சரிவு வழுக்கும், ஒரு நாள் முழுக்க வீண். அங்கே ஒன்றும் இல்லை.

நீ வெளிக்கிடுவதற்கு முதல் நாள் என் சப்பாத்தைப் போட்டுப் பார்த்துவிட்டு, "அளவாயிருக்கு தனா. உனக்குக் கோபம் இல்லைத்தானே?" என்று கேட்டாய். இல்லை என்றேன். ஒரு காது கேளாதவளுக்குச் சத்தம் கேட்கும், திசை தெரியாது. திசை தெரியாதவள் அந்தப் பறவையைத் தேட முடியாது. இதை எங்கள் திட்டத்துப் பேராசிரியர் சொல்லித்தான் நான் அறியவேண்டும் என்றில்லை. என் இடக் காது இனித் தேறாது என்று வைத்தியர் சொன்ன அன்றே விளங்கிவிட்டது. ஆகவே நீ போனாய், உன் கதிரையில் நான் இருக்கிறேன். நீ ஒலிப்பதிவுகளைப் பிரித்து எழுதிய அதே கொம்பியூட்டர். மேசையில் நீ விட்டுப்போன முகக் கிரீமைக்கூட இன்னும் எடுக்கவில்லை.

காலில் ஈரம் காய்ந்த பிறகே படு. மார்த்தாவுக்கு என் அன்பைச் சொல்லு.

உன் தோழி,
தனா

*

டாண்டினோங்
1 செப்ரெம்பர் 2024

அன்புள்ள கலா,

உன் கடிதமும் கார்டுகளும் வந்தன. வாழ்த்துக்கள்.

ஒன்பது நாளில் முதல் கூடு. நீ எழுதியிருந்ததை இரண்டு முறை வாசித்தேன். நான் முதல் கூட்டைக் காண இரண்டு பருவம் ஆனது. அப்போது என்னிடம் வரைபடம் இல்லை என்பதை நீ உன் கடிதத்திலேயே சொல்லி, எல்லாம் தனா போட்ட பாதை என்று எழுதியிருந்தாய். நல்ல மனம் உனக்கு. எப்போதும் நீ அப்படித்தான். பல்கலைக்கழகத்தில் நாங்கள் சேர்ந்து படித்த காலத்திலும், உனக்கு நல்ல புள்ளி வந்தால் என் குறிப்பைப் படித்ததால் வந்தது என்பாய்.

பிழை சொல்வதற்காக எழுதவில்லை, ஆனால் ஐந்தாம் மரத்தில் இருப்பது பெண் என்று எழுதியிருக்கிறாய். படத்தைப் பார்த்தேன். முதுகின் நிறத்தைப் பார்த்தால் அது ஆண். இரண்டும் மாறிமாறி அடைகாக்கும் என்பதால் குழம்பியிருப்பாய். பதிவேட்டில் திருத்திவிடு. பன்னிரண்டாம் திகதிப் பதிவில் நேரம் ஒரு மணித்தியாலம் பிந்தியிருக்கிறது. கருவியின் கடிகாரத்தைச் சரிபார்.

போன ஞாயிறு கேரம் டவுன்ஸ் கோவிலுக்குப் போனோம். சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது, நரசிம்மன் அங்கிளின் மனைவி தட்டோடு திரும்பி, "கலாவைப் பல்கலைக்கழக இணையப் பக்கத்தில பார்த்தம். குருவிக்கு எவ்வளவு கிட்டப் போய் நிக்கிறா! நீங்கள் இப்ப அங்க போறேல்லையோ?" என்றா. இல்லை, இப்ப இங்கேதான் வேலை என்றேன். "அதுவும் நல்லதுதான், வீட்டோட இருக்கலாம்" என்றா. எனக்குச் சாம்பார் ஊற்றியவர் என் இடப்பக்கம் நின்று ஏதோ கேட்டிருக்கிறார். எனக்குக் கேட்கவில்லை. போதும் என்று சொல்லாததால் தட்டு வழிய ஊற்றிவிட்டார். பிரஷாந்தன் ஓடிவந்து துடைத்தார். எல்லோரும் பார்த்தார்கள். அது ஒன்றுமில்லை. ஆனால் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் உன்னைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன், அன்பாக அல்ல.

அந்த இணையப் பக்கத்தை நானும் பார்த்தேன். மழையங்கியோடு நீ நிற்கிறாய், பின்னால் மார்த்தா வாய்விட்டுச் சிரிக்கிறா. நான்கு பருவம் அவவோடு ஒரு பானையில் சோறு சமைத்துச் சாப்பிட்டவள் நான். என்னோடு அவ சிரித்ததில்லை. நான் அதிகம் பேசுவதில்லை, அதனால் இருக்கலாம். உன் பதிவுகளிலும் கேட்கிறது. நீ மெதுவாக, "காலை ஐந்து முப்பத்தெட்டு, ஏழாம் மரம்" என்று சொல்கிறாய். பிறகு எங்கேயோ கால் வழுக்குகிறது, மார்த்தா சிரிக்கிறா, நீ வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாய். அதற்குப் பிறகு பறவை கூப்பிடுகிறது. பறவையின் நேரத்தைக் குறித்துவிட்டு, அந்தச் சிரிப்பை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். இதை ஏன் உனக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். காணிக்காரரின் கூட்டத்தில் காட்டுக் காப்பு எல்லையை இரண்டாம் ஓடையோடு நிறுத்தலாமா என்று கேட்கிறார்கள், ஓடைக்கு அப்பால் கூடு இருப்பதற்கு ஏதாவது குறிப்பு என்னிடம் உண்டா என்று கேட்டிருந்தாய். மூன்றாம் ஓடைக்கு ஒருமுறை போய்ப் பார்க்கட்டுமா என்றும் கேட்டிருந்தாய்.

என் குறிப்பில் இருப்பதெல்லாம் வரைபடத்தில் இருக்கிறது. போகத் தேவையில்லை. அந்தச் சரிவில் நீ விழுந்தால் உன் அம்மாவுக்கு யார் பதில் சொல்வது?

உன் அம்மாவுக்குச் சுகம். உனக்கென்று பருத்தித்துறை வடை சுட்டுத் தந்தா. பையில் சாப்பாடு வைக்கக்கூடாது என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். நாங்கள் சாப்பிட்டோம்.

தனா

*

டாண்டினோங்
21 செப்ரெம்பர் 2024, சனி

கலா,

இந்தக் கடிதம் வருவதற்கு முதலே முகாமின் வானொலிக் கருவியில் உனக்குச் செய்தி வந்திருக்கும். மூன்றாம் ஓடைக்கு உடனே போகவேண்டும், அங்கே கூடு இருக்கிறது, எல்லைக் கூட்டத்தைத் தள்ளிவைக்கச் சொல்லவேண்டும் என்று. அதை அனுப்பச் சொன்னது நான். துறைமுகத்து அலுவலகத்திலிருந்து அதை உனக்கு வாசித்தவருக்கு அதற்கு மேல் எதுவும் தெரியாது. மிச்சத்தை நான்தான் சொல்லவேண்டும்.

வியாழக்கிழமை உன் கடைசி இரண்டு கார்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் ஓடைக்கரையில் நீ கட்டிவைத்த இரண்டு கருவிகள். பறவை ஓய்ந்த பிறகு, காலை ஏழு மணிக்கு மேல், வேறொரு சத்தம். முதலில் மழை என்று நினைத்தேன். சத்தத்தைப் படமாகக் காட்டும் திரையில் அது நேர்கோடாக ஓடியது. மழை அப்படி ஓடாது. அது வாள். இயந்திர வாள். என் காதுக்கு எந்தப் பக்கம் என்று தெரியாது. இரண்டு கருவிகளின் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கிழக்கே இருந்த கருவியில் சத்தம் பெரிது. மூன்று நாளும் அப்படி. மூன்றாம் ஓடைப் பக்கம் மரக் கம்பனிக்காரர் நிலம் அளக்கும் கோட்டுக்காக மரம் வெட்டத் தொடங்கிவிட்டார்கள். எல்லை இரண்டாம் ஓடையோடு முடியப்போகிறது என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

கலா, மூன்றாம் ஓடைக்கு அப்பால், சரிவு ஏறி முடிகிற இடத்தில், இரண்டு பெரிய பாறைகளுக்கு வலப்பக்கம், ஒரு மரத்தில் என் மார்பு உயரத்தில் கறையான் புற்று இருக்கிறது. அதில் ஒரு சோடி இருந்தது. பதினேழாவது மரம். 2022 ஒக்ரோபர் ஆறாம் திகதி நான் கண்டேன். என் குறிப்புப் புத்தகத்தில் அந்தப் பக்கம் இருக்கிறது. உனக்குப் பிரதி எடுத்துத் தந்தபோது அந்த ஒரு பக்கத்தை மட்டும் விட்டுவிட்டுப் பிரதி எடுத்தேன். தவறிப்போகவில்லை. தெரிந்து செய்தேன்.

அன்று எனக்குக் காய்ச்சல் தொடங்கி இரண்டாம் நாள். மார்த்தா மருந்து எடுக்கக் கிராமத்துக்குப் போயிருந்தா. படுத்திரு, நான் வரும்வரை எங்கேயும் போகாதே என்று சொல்லிவிட்டுத்தான் போனா. விடியமுன் கூடாரத்துக்குள் கிடந்தபோது கிழக்கே, மிகத் தூரத்தில் ஒரு குரல் கேட்டது. எனக்குத் தெரிந்த பதினாறு சோடிகளில் அது இல்லை. எழும்பிப் போனேன். ஓடையில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து போனேன். குரல் நின்ற பிறகும் அது வந்த திசை எனக்குள் இருந்தது. கண்ணை மூடினாலும் கை நீட்டிக் காட்டியிருப்பேன். காதுகள் இரண்டும் இருந்தால் அது எப்படி என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை, உனக்கு இருக்கிறது.

அந்த மரத்துக்கு எதிரே மூன்று மணித்தியாலம் இருந்தேன். ஆண் ஒரு பல்லியைப் பிடித்து, கிளையில் இரண்டு பக்கமும் அடித்து, புற்று வாசலில் கொண்டுவந்து கொடுத்தது. பெண் தலையை மட்டும் நீட்டி வாங்கியது. பிறகு ஒன்றுக்கொன்று மெல்லிய குரலில், கிட்டக் கிட்ட, ஒரு மாதிரி முணுமுணுத்தன. அப்படி ஒரு சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. எந்தக் கருவியிலும் பதிவானதில்லை. என்னிடம் கருவியும் இல்லை. அடுத்த நாள் எழும்பியபோது இடக் காது கேட்கவில்லை. கடைசியாக அது கேட்டது அதைத்தான்.

உன்னிடம் எல்லாவற்றையும் கொடுத்தேன். பதினாறு மரம், சப்பாத்து, மார்த்தா, நாலு வருடம். அந்த ஒன்றை மட்டும் என்னால் கொடுக்க முடியவில்லை. நீ அங்கே போய், மழையங்கியோடு நின்று, "காலை ஐந்து முப்பத்தெட்டு, பதினேழாம் மரம்" என்று சொல்வதை நான் இங்கே இருந்து பதிவில் கேட்கவேண்டும் என்று நினைத்தபோது உடம்பு எரிந்தது. காய்ச்சலில் கண்டதாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். போன கடிதத்தில் நீ நேரடியாகக் கேட்டாய். அப்போதும் மறைத்தேன். நீ விழுந்துவிடுவாய் என்று உன் அம்மாவைச் சாட்டினேன். அதுதான் எல்லாவற்றிலும் கேவலம்.

வியாழன் பின்னேரம் பிரஷாந்தன் வேலையால் வந்தபோது நான் குசினியில் லைட் போடாமல் இருந்திருக்கிறேன். முழுதையும் சொன்னேன். அவர் கதிரையை இழுத்து என் வலப்பக்கம் போட்டு இருந்தார். திட்டுவார் என்று பார்த்தேன். "உனக்கு இப்ப என்ன வேணும் தனா? கலா உன்னை மன்னிக்கிறதோ, அந்த மரம் நிக்கிறதோ?" என்று கேட்டார். மரம் என்றேன். "அப்ப ஏன் இன்னும் கதிரையில இருக்கிறாய்? போனை எடு" என்றார்.

பேராசிரியரைக் கூப்பிட்டேன். தகவல் பிந்திக் கிடைத்தது என்று சொல்லியிருக்கலாம். பிரதி எடுக்கும்போது தவறிவிட்டது என்றும் சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பா. வேண்டுமென்றே மறைத்தேன் என்றேன். அன்றிரவே துறைமுகத்துக்குச் செய்தி போனது. வெள்ளிக்கிழமை என்னைக் கூப்பிட்டு, திட்டத்தில் இந்த மாதத்தோடு என் வேலை முடிகிறது என்று சொன்னா. சரி என்றேன். வேறு என்ன சொல்வது?

அந்தச் சோடி இன்னும் அங்கே இருக்குமா என்று எனக்குத் தெரியாது. இரண்டு வருடம் ஆகிவிட்டது. ஆனால் புற்றில் கறையான் உயிரோடு இருந்தால் அவை தூரப் போயிருக்காது. தங்கள் எல்லையை விட்டு இலகுவில் போகாத சாதி. பாறைகளைத் தாண்டியதும் நில். கீழ்க் கிளைகளைப் பார். சரிவு உண்மையிலேயே வழுக்கும், அது மட்டும் பொய்யில்லை. மார்த்தாவை விட்டுத் தனியே போகாதே.

மன்னிக்கச் சொல்லி இதில் எழுதவில்லை. போய்ப் பார் என்று மட்டும் எழுதுகிறேன்.

தனேஸ்வரி

*

டாண்டினோங்
3 நவம்பர் 2024

அன்புள்ள கலா,

உன் மூன்று வரியும் கிடைத்தன. ஆங்கிலத்தில், தட்டெழுத்தில். செய்தி கிடைத்தது. கூடு கண்டோம். எல்லை மாறியது. கீழே உன் முழுப் பெயர்.

இருபது வருடமாக நாங்கள் ஒருவருக்கொருவர் ஒரு பிறந்தநாள் வாழ்த்தைக்கூட ஆங்கிலத்தில் எழுதியதில்லை. ஒரே அறையில் இருந்து படித்தபோது குளிர்ப்பெட்டியில் ஒட்டிவைக்கும் துண்டுகூடத் தமிழில்தான். பாலை முடித்தது எந்தக் கழுதை என்று. நான் குறை சொல்லவில்லை. குறை சொல்லும் இடத்தில் நான் இல்லை.

மிச்சத்தைப் பேராசிரியரிடமிருந்து அறிந்தேன். என்னை வேலையிலிருந்து நிறுத்தினாலும், என்ன நடந்தது என்று அறிய எனக்கு உரிமை இருக்கிறது என்று நினைத்திருக்கிறா. வரச்சொல்லி, உன் அறிக்கையை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனா.

நீயும் மார்த்தாவும் மூன்று நாள் தேடியிருக்கிறீர்கள். முதல் நாள் ஓடை பெருகிக் கடக்க முடியவில்லை. இரண்டாம் நாள் பாறைகளைக் கண்டிருக்கிறீர்கள், குரல் கேட்கவில்லை. மூன்றாம் நாள் விடியமுன் கேட்டிருக்கிறது. மரத்தைச் சுற்றிச் சிவப்பு நாடா கட்டியிருந்ததாம், வெட்டுவதற்கு அடையாளமாக. நாடாவுக்கு ஒரு முழம் கீழே வாசல், உள்ளே இரண்டு குஞ்சு. நாற்றத்திலேயே குஞ்சு இருப்பது தெரிந்தது என்று எழுதியிருக்கிறாய். அந்த இடத்தில் நான் சிரித்துவிட்டேன். அந்த நாற்றத்தை அனுபவிக்காதவர்கள் அந்தப் பறவையை அழகு என்பார்கள்.

பிறகு கூட்டம். ஓடைக்கு அப்பால் இருக்கும் காணிக்காரர் எழும்பி, எங்கள் நிலத்தில் கூடு இருப்பது உங்களுக்கு இரண்டு வருடம் முதலே தெரியும், எங்களுக்கு ஏன் சொல்லவில்லை, எங்களைக் கேட்காமல் எங்கள் மரத்தை விற்க விட்டீர்களா என்று கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. நீ அந்தக் கேள்விக்கு முன்னால் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நின்றிருக்கிறாய். உன்னைத் திட்டியிருக்கிறார்கள். பேராசிரியர் சொன்னா, அன்று எழுதிய கூட்டக் குறிப்பில் உன் பதில் ஒரே ஒரு வரிதானாம். நாங்கள் சொல்லத் தவறிவிட்டோம், எங்களை மன்னிக்கவேண்டும்.

நாங்கள் என்று சொல்லியிருக்கிறாய்.

எல்லை மூன்றாம் ஓடையைத் தாண்டி மலைமுதுகு வரை போய்விட்டது. நாடாவை அவர்களே அவிழ்த்தார்களாம். அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் மரங்களின் அட்டவணை. ஒவ்வொன்றுக்கும் கண்டவர் பெயரும் திகதியும். பதினேழுக்கு நேரே: தனேஸ்வரி, 6 ஒக்ரோபர் 2022.

கலா, அந்த வரியைப் பார்த்ததும் நான் நன்றியோடு அழுதேன் என்று எழுதினால் உனக்குச் சந்தோஷமாக இருக்கும். ஆனால் இன்னொரு பொய் சொல்ல என்னிடம் பலம் இல்லை. முதலில் வந்தது எரிச்சல். நீ அந்தப் பெயரை எழுதாமல் விட்டிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். நான் உன்னிடம் மறைத்தது போல நீயும் என்னிடமிருந்து எடுத்திருந்தால் கணக்குத் தீர்ந்திருக்கும், உன்னை வெறுத்துக்கொண்டு ஒரு மாதிரி வாழ்ந்திருப்பேன். உனக்கு அது தோன்றவே இல்லை. மூன்று வரிக்கு மேல் எனக்கு எழுதப் பிடிக்காத அளவுக்குக் கோபம் இருந்தும், அந்தக் கோபத்தைப் பக்கத்தில் வைத்துவிட்டு உண்மையான பெயரை உண்மையான இடத்தில் எழுத உன்னால் முடிகிறது. இத்தனை நாளும் உன் காதுகள் மேல் பொறாமை என்று நினைத்திருந்தேன். அது அல்ல. உன் அம்மா சொன்ன மாதிரி உனக்குக் காட்டில் ஒன்றும் தெரியாது, ஆனாலும் உன்னோடு எல்லோரும் சிரிக்கிறார்கள். நீ ஏன் அப்படி இருக்கிறாய், என்னால் ஏன் முடியவில்லை என்பதுதான்.

அழுகை பிறகு வந்தது. கார் தரிப்பிடத்தில்.

உன் அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். நீ சொல்லவேண்டிய நிலை வரக்கூடாது என்று. "அவளுக்கு நீ எழுதுறியோ?" என்று கேட்டா. எழுதுகிறேன் என்றேன். "அவள் எழுதிறாளோ?" என்றா. நான் தேத்தண்ணிக் கோப்பைகளைக் கழுவ எடுத்தேன். முழங்காலுக்கு ஊசி போடக் கூட்டிப்போகும் நாளை நான் எழுதி வைத்திருக்கிறேன். இனி வரவேண்டாம் என்று அவ சொல்லவில்லை. நீ வேண்டாம் என்றால் பிரஷாந்தன் கூட்டிக்கொண்டு போவார்.

எனக்கு வேறு வேலை கிடைக்கும்போல் இருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நூதனசாலையில் பறவைகளைக் காட்டுவது. எல்லாம் பஞ்சு அடைத்தவை, திசை கண்டுபிடிக்கத் தேவையில்லை. பகிடியாக எழுத முயற்சி செய்கிறேன், பொறுத்துக்கொள்.

நீ டிசம்பரில் வருவாய் என்று அறிக்கையில் இருந்தது. விமான நிலையத்துக்கு நான் வரமாட்டேன், பயப்படாதே. அதற்கு முன் இன்னும் இரண்டு தரம் பை போகும், இரண்டு தரம் வரும். அந்தக் குஞ்சுகள் பறந்திருக்கவேண்டும். உனக்கும் மார்த்தாவுக்கும் காய்ச்சல் வராமல், ஓடை பெருகாமல், மிச்ச நாட்கள் நல்லபடி போகவேண்டும் என்று தினமும் கும்பிடுகிறேன். எனக்கு அந்தத் தகுதி இல்லையென்றாலும் உனக்காகக் கேட்பதைக் கடவுள் தள்ளமாட்டார்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அன்பாக எழுதவேண்டாம், பதில் என்றுகூட எழுதவேண்டாம். என்னைத் திட்டு. பக்கம் பக்கமாகத் திட்டு, ஒரே சொல்லில் திட்டு, அது உன் விருப்பம். ஆனால் கலா, தமிழில் திட்டு.

தனா